'கர்நாடகம்' என்ற ரசிகர்

ஆர்.கே.புரத்தில் மாலைக் கச்சேரி என்றால், அலுவலகம் விட்டு நேராக வருகிறவர்கள் பலர் இருப்பார்கள். ஏழாம் செக்டரில் மலை மந்திர் சுவாமிநாத சுவாமி சன்னிதியானாலும் சரி, ஐந்தாம் செக்டரில் தில்லித் தமிழ்ச் சங்க அரங்கமானாலும் சரி, தோளில் பையும் பையில் காலி டிபன் டப்பாவுமாக வந்து உட்காருவார்கள். ராகம் தெரிந்தவர்கள் அவர்களில் உண்டு, தெரியாதவர்களும் உண்டு. ஆனால் பாடகர் தமிழில் ஒரு பாட்டை எடுத்ததும் சபையில் ஒரு சிறு அசைவு ஏற்படும். குனிந்திருந்த தலை நிமிரும். ஊரை விட்டு வந்து எத்தனை வருஷமானாலும் இந்தப் பழக்கம் போவதில்லை.

அந்தத் தமிழ்ப் பாட்டு கச்சேரியின் நடுவில் வரவேண்டுமா, கடைசியில் வந்தால் போதுமா என்று ஒரு காலத்தில் தமிழ்நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டையிட்டது. அந்தச் சண்டையில் முன்னணியில் நின்று பேனா பிடித்தவர் வித்வான் அல்லர், சபா காரியதரிசியும் அல்லர். டிக்கெட் வாங்கி உட்கார்ந்து கேட்கும் ரசிகர்களுக்காகவே தாமும் ஒரு ரசிகராக நின்று பேசியவர். 'கல்கி' என்ற பெயரில் 'பொன்னியின் செல்வ'னையும் 'சிவகாமியின் சபத'த்தையும் எழுதிய ரா. கிருஷ்ணமூர்த்திதான் அவர். நாவலாசிரியர் கல்கியை அறியாத தமிழர் இல்லை. சங்கீத ரசிகர் கல்கியை இன்று அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை.

1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி, பழைய தஞ்சை ஜில்லாவில், மாயவரத்துக்கு அண்மையில் உள்ள புத்தமங்கலம் என்ற சிற்றூரில் கிருஷ்ணமூர்த்தி பிறந்தார். தந்தை ராமசாமி ஐயர் கிராமத்துக் கணக்கர். பெரிய சொத்து கிடையாது. ஆனால் அந்த வட்டாரத்தில் பிறந்தவனுக்குச் சங்கீதத்தைத் தேடிப் போக வேண்டிய அவசியம் இருந்ததில்லை. கோயில் உற்சவம் என்றால் விடிய விடிய நாகசுரம். மார்கழி என்றால் பஜனை. ஊருக்கு ஊர் ஹரிகதை. சீர்காழியைச் சுற்றித்தான் முத்துத் தாண்டவரும், ராம நாடகம் பாடிய அருணாசலக் கவிராயரும் வாழ்ந்தார்கள். நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனையாக்கிய கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்த ஆனந்த தாண்டவபுரம் மாயவரத்துக்குப் பக்கத்து ஊர். மாயவரத்திலேயே முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, கோர்ட் வேலைக்கு நடுவே தமிழில் கீர்த்தனைகள் இயற்றினார். தமிழில் உயர்ந்த சங்கீதம் இல்லை என்று பின்னாளில் சிலர் சொன்னபோது கல்கிக்குக் கோபம் வந்தது ஏன் என்பதை, அவர் பிறந்த மண்ணைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

மாயவரத்திலும் பிறகு திருச்சி தேசிய உயர்நிலைப் பள்ளியிலும் படித்தார். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குப் போகவேண்டிய நேரத்தில் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் வந்தது. 1921-ல் படிப்பை விட்டார். அடுத்த ஆண்டு ஓராண்டுச் சிறைவாசம். அந்தப் பரீட்சையை எழுதியிருந்தால் ஒரு சர்க்கார் ஆபீசில் நல்ல குமாஸ்தாவாகச் சேர்ந்து, ஐம்பத்தைந்து வயதில் பென்ஷன் வாங்கியிருப்பார். தஞ்சை ஜில்லாவிலிருந்து தில்லிக்கும் சிம்லாவுக்கும் அப்படிப் போனவர்கள் ஏராளம்.

சிறையிலிருந்து வந்தபின் 1923-ல் திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் உதவி ஆசிரியரானார். தமிழ் உரைநடையை அங்கே பயின்றார் என்று சொல்லலாம். பிறகு திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியுடன் மூன்று ஆண்டுகள், மதுவிலக்குக்காக நடந்த 'விமோசனம்' பத்திரிகை வேலை, மறுபடியும் சிறை. ஆசிரமத்தில் ராட்டைச் சத்தம்தான் சங்கீதம். இந்த ஆண்டுகளைச் சுருக்கமாகவே கடந்துவிடலாம்.

எஸ்.எஸ். வாசனின் 'ஆனந்த விகட'னுக்கு அவர் வந்து சேர்ந்தது, சங்கீத உலகத்தில் பெரிய மாறுதல்கள் நடந்துகொண்டிருந்த சமயம். 1927-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி ஒரு சங்கீத மாநாடு நடந்தது. அதன் பயனாக அடுத்த ஆண்டே மியூசிக் அகாடமி பிறந்தது. டிசம்பர் மாதக் கச்சேரிப் பருவம் அதிலிருந்து வளர்ந்ததுதான். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், நீண்ட பல்லவிகளிலேயே பொழுது போய்விடாமல், வர்ணத்தில் தொடங்கிப் பல கீர்த்தனைகளும் சில்லறை உருப்படிகளுமாகக் கச்சேரியை அமைக்கும் முறையை நிலைநாட்டினார். மேடைக்கு மைக் வந்தது. வீட்டுக்குக் கிராமபோன் தட்டு வந்தது. 1938-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. ராஜ சபையிலும் மிராசுதார் வீட்டுக் கல்யாணத்திலும் ஒலித்த சங்கீதம், நாலணா டிக்கெட்டுக்கும் கிடைக்கும் சரக்காக மாறிய காலம் அது.

புதிதாக வந்த இந்த டிக்கெட் ரசிகனுக்கு ஒரு பிரதிநிதி தேவைப்பட்டான். கல்கி அந்த வேலையை எடுத்துக்கொண்டார். விகடனில் 'ஆடல் பாடல்' என்ற பகுதியில் கச்சேரிகளையும் நாட்டியத்தையும் விமரிசித்து எழுதலானார். அதற்கு அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் 'கர்நாடகம்'. கர்நாடக சங்கீதம் என்பது ஓர் அர்த்தம். பழைய காலத்துப் பேர்வழியை 'சுத்தக் கர்நாடகம்' என்று கேலியாகச் சொல்வது இன்னோர் அர்த்தம். ஊர் தம்மைக் கேலி செய்வதற்கு முன் தாமே செய்துகொண்டுவிடுவது அவர் சுபாவம்.

அதுவரை சங்கீதத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஒன்று இலக்கணம் எழுதினார்கள், அல்லது புகழ்மாலை சூட்டினார்கள். 'கர்நாடகம்' இரண்டையும் செய்யவில்லை. சபாவுக்குள் போனது முதல் வெளியே வந்தது வரை நடந்ததைச் சொன்னார். எந்த ராகம் மனத்தைத் தொட்டது, எது கொட்டாவியை வரவழைத்தது, பக்கவாத்தியம் பாட்டை எங்கே மூழ்கடித்தது, முன்வரிசைப் பிரமுகர் எப்போது எழுந்து போனார் என்றெல்லாம் எழுதினார். நல்ல பாட்டைக் கேட்டால் குழந்தைபோலக் குதூகலித்தார். பிடிக்காவிட்டால் சிரிக்கச் சிரிக்க எழுதினார். அந்தச் சிரிப்பு சில வித்வான்களுக்குச் சுட்டிருக்கும். சுரக் கணக்கைக் காட்டி வாசகனை மிரட்டுவது மட்டும் அவரிடம் கிடையாது.

இதன் பலன் சென்னையோடு நிற்கவில்லை. சென்னையில் பாடியவரை நேரில் பார்க்கும் யோகம் கிராமத்து வாசகனுக்கு ஏது? ரங்கூனிலும் கொழும்பிலும் பம்பாயிலும் தில்லியிலும் இருந்த தமிழனுக்கு ஏது? கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரசில் நாட்கணக்காகப் பிரயாணம் செய்து வந்து சேரும் விகடனில் அந்தப் பக்கத்தைப் படித்தவனுக்கு, அரங்கத்தில் ஒரு மூலையில் தானும் உட்கார்ந்திருந்த திருப்தி கிடைத்தது. கரோல்பாக் ஒற்றை அறைகளில் குடியிருந்த நம் பெரியவர்களில் சங்கீதம் கற்றுக்கொள்ளாமலே சங்கீதப் பைத்தியமானவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலருக்குப் பாதிப் பைத்தியம் காது வழியாகவும் மீதிப் பாதி கண் வழியாகவும் பிடித்தது என்றால் மிகையில்லை.

கதை எழுதும்போதும் அவர் காதுகளை மூடி வைக்கவில்லை. விகடனில் தொடராக வந்த 'தியாக பூமி'யை 1939-ல் கே. சுப்பிரமணியம் படமாக எடுத்தார். அதில் சம்பு சாஸ்திரியாக நடித்தவர் பாபநாசம் சிவன்; தமிழில் கீர்த்தனை எழுதிய பெரியவர்களின் வரிசையில் வந்தவர். டி.கே. பட்டம்மாளின் குரலும் அந்தப் படத்தில் ஒலித்தது. பிரிட்டிஷ் சர்க்கார் படத்துக்குத் தடை போட்டது. ஒரு தமிழ்ப் பாட்டு சர்க்காரையும் கலவரப்படுத்த முடியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

1941-ஆம் ஆண்டு அவர் வாழ்க்கையில் பெரிய திருப்பம். தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட விகடனை விட்டு விலகினார். மூன்று மாதம் சிறையில் இருந்தார். வெளியே வந்து, நண்பர் டி. சதாசிவத்துடன் சேர்ந்து ஆகஸ்டு மாதத்தில் 'கல்கி' வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கு முதல் வந்தது சங்கீதத்தின் மூலமாகத்தான். சதாசிவத்தின் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதராக வேஷம் போட்டு நடித்துச் சம்பாதித்த பணம் அது.

அதே ஆகஸ்டில் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் ஒரு மாநாடு கூடியது. கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம் கல்கி பிறந்த ஊர், அந்தப் பக்கம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் நடந்த அந்த மாநாடு, தமிழ்நாட்டுக் கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்களே பெரும்பகுதி இடம்பெற வேண்டும் என்று தீர்மானம் செய்தது. கேட்பவர்களுக்கு இது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அன்றைய சங்கீத உலகத்தில் பெரும் புயலைக் கிளப்பிவிட்டது.

அன்றைய கச்சேரி எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அந்தப் புயல் விளங்கும். தியாகராஜரின் தெலுங்குக் கிருதிகளும் தீட்சிதரின் சமஸ்கிருதக் கிருதிகளும் முக்கிய இடங்களைப் பிடித்துக்கொள்ளும். விஸ்தாரமான ராக ஆலாபனையும் நிரவலும் சுரமும் அவற்றுக்குத்தான். தனி ஆவர்த்தனம் முடிந்து, பாதிப் பேர் செருப்பைத் தேடும் நேரத்தில், 'துக்கடா' என்ற பெயரில் இரண்டு தமிழ்ப் பாட்டு வரும். விருந்தின் கடைசியில் வரும் பீடாவைப்போல. தாய்மொழிப் பாட்டுக்கு இதுதானா மரியாதை என்று கல்கி கேட்டார். கேட்டதோடு விடவில்லை. வாரா வாரம் பத்திரிகையில் எழுதினார்.

எதிர்க்கட்சியும் சாமானியமானதல்ல. சென்னை மியூசிக் அகாடமி, மொழியைக் காரணமாகக் காட்டிச் சங்கீதத்தின் உயர்ந்த தரம் குறைய இடம் தரக்கூடாது என்று தீர்மானித்தது. பெரிய வித்வான்களும் பிரபல பத்திரிகைகளும் அந்தப் பக்கம் நின்றார்கள். அவர்கள் வாதமும் ஒரேயடியாகத் தள்ளிவிடக் கூடியதல்ல. சங்கீதத்துக்கு நாதமே உயிர், பாஷை வெறும் உடுப்பு என்றார்கள். தியாகராஜர் வாழ்ந்ததும் பாடியதும் தஞ்சை மண்ணில்தானே என்றார்கள். தமிழில் அந்தத் தரத்தில் போதிய உருப்படிகள் எங்கே இருக்கின்றன என்றும் கேட்டார்கள். முதல் இரண்டையும் கல்கி மறுத்ததில்லை. தியாகராஜரின் கிருதிகளில் தோய்ந்தவர் அவர்; அவற்றைப் பாடக்கூடாது என்பது அவர் கட்சியல்ல. அவர் கேட்டது வேறு. ராகத்தின் சுகம் எல்லோருக்கும் பொது என்றால், அந்தச் சுகத்தோடு வார்த்தையின் பொருளும் சேரும்போது கிடைக்கும் ஆனந்தத்தைத் தமிழனுக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்? தெலுங்கு அறிந்தவன் தியாகராஜரைக் கேட்டு உருகும்போது நாதத்துக்கும் உருகுகிறான், சொல்லுக்கும் உருகுகிறான். தமிழனுக்கு அதில் பாதிதான் கிடைக்கிறது.

மூன்றாவது கேள்விக்குப் பதிலைக் காலம்தான் சொல்லவேண்டியிருந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்க் கீர்த்தனைகளைச் சுரக் குறிப்போடு தொகுதி தொகுதியாக அச்சிட்டது. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் ஏற்பட்டது. ராஜாஜியும் ரசிகமணி டி.கே.சி.யும் சர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் இயக்கத்துக்கு ஆதரவாக நின்றார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியாகத் தில்லிக்கு வந்த சண்முகம் செட்டியார்தான் அவர். எம்.எம். தண்டபாணி தேசிகரைப் போன்றவர்கள் மேடையில் தமிழை நிறையப் பாடினார்கள். ஆண்டாளின் திருப்பாவைக்கு முழுவதும் மெட்டமைத்து எல்லோரும் பாடும்படி செய்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். கட்சிப் பிரிவினை எதுவானாலும் சங்கீதம் தன் வழியில் போய்க்கொண்டுதான் இருந்தது.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்கி நடுநிலையாளர் அல்லர். எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலை அவர் புகழ்ந்து எழுதியபோது, அந்த அம்மையாரின் கணவர் அவருடைய பத்திரிகையின் பங்காளி. இதைச் சுட்டிக்காட்டியவர்கள் அன்றும் இருந்தால் வியப்பில்லை. குடும்ப நட்பு விமரிசகனின் கண்ணை மறைக்காது என்று சத்தியம் செய்ய யாராலும் முடியாது. ஆனால் அந்தக் குரலைப் பற்றி அவர் சொன்னதைப் பிறகு உலகமே சொன்னது. ஒரு நல்ல காதுக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. தமிழ் இசைப் போராட்டத்தில் எம்.எஸ். தமிழ்ப் பக்கம் நின்று பாடியது இயக்கத்துக்குப் பெரிய பலமாயிற்று. கட்டுரைகளால் மாறாத மனம்கூட, எம்.எஸ். பாடிய ஒரு தமிழ்ப் பாட்டில் மாறியிருக்கும்.

கடைசியில் கல்கி தாமே பாட்டும் எழுதினார். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி 1945-ல் வெளிவந்த 'மீரா' படத்துக்காக அவர் இயற்றியதுதான் 'காற்றினிலே வரும் கீதம்'. எஸ்.வி. வெங்கட்ராமன் இசையமைக்க, எம்.எஸ். பாடினார். துக்கடா என்று ஒதுக்கப்பட்ட மொழியில் எழுதிய அந்தச் சினிமாப் பாட்டு, தமிழ் பேசும் இடமெல்லாம் பரவியது. இரண்டு ஆண்டு கழித்து 'மீரா' ஹிந்தியிலும் வந்தது. தில்லியில் அது முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது ஜவாஹர்லால் நேருவும் மவுண்ட்பேட்டன் தம்பதிகளும் வந்து பார்த்தார்கள். மதுரையில் பிறந்த ஒரு பெண்ணின் குரல் தலைநகரை ஆட்கொண்டது அப்போதுதான்.

தில்லியும் கல்கியின் எழுத்தில் இடம் பெற்றது. சுதந்திரம் வந்த கையோடு அவர் எழுதத் தொடங்கிய 'அலை ஓசை' நாவலில், சீதாவின் வாழ்க்கை, உத்தியோகம் பார்க்கும் கணவனோடு தில்லிக்கு வந்து சேருகிறது. தேசப் பிரிவினையின் ரத்தக் களறியும் காந்தியடிகள் சுடப்பட்ட துயரமும் அதில் உண்டு. ராஜாராணிக் கதைகளுக்காகவே அவரைப் படிப்பவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவதுண்டு. ஆனால் தில்லித் தமிழர்கள் அவசியம் படிக்க வேண்டிய நாவல் அது. மனத் துன்பத்தை ஓர் ஓசையாகக் கேட்பது சங்கீத ரசிகனுக்கே தோன்றக்கூடிய கற்பனை. அதற்குச் சற்று முன் எழுதிய 'சிவகாமியின் சபத'த்தின் கதாநாயகியும் நாட்டியக் கலையில் தன்னைக் கரைத்துக்கொண்ட பெண்தான். 'ஆடல் பாடல்' எழுதிய பேனா வேறு, இந்த நாவல்களை எழுதிய பேனா வேறு அல்ல.

எட்டயபுரத்தில் பாரதியாருக்கு மணிமண்டபம் எழுப்பப் பத்திரிகை மூலம் நிதி திரட்டி, 1947-ல் அதைக் கட்டி முடிக்கச் செய்ததும் அவரே. தமிழில் பாடலாம் என்பதற்குப் பாரதியைவிட வேறு அத்தாட்சி அவருக்குத் தேவைப்படவில்லை.

ஓய்வு என்பதை அவர் அறிந்ததில்லை. 1950-ல் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' 1954-ல் முடிந்தது. 'அமர தாரா' என்ற அடுத்த நாவலை எழுதிக்கொண்டிருந்தபோதே உடல் தளர்ந்துவிட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி சென்னையில் காலமானார். வயது ஐம்பத்தைந்து. குமாஸ்தாவாகப் போயிருந்தால் பென்ஷன் வாங்கத் தொடங்கியிருக்கும் வயது. பாதியில் நின்ற நாவலை, அவர் வைத்திருந்த குறிப்புகளைக் கொண்டு, மகள் ஆனந்தி எழுதி முடித்தார்.

சென்னையில் கச்சேரிப் பருவம் தொடங்கச் சில நாட்களே இருந்தன. அந்த டிசம்பரிலும் சபாக்கள் நிரம்பின. 'கர்நாடகம்' மட்டும் வரவில்லை. 1956-ல் தில்லியில் சாகித்திய அகாதெமி, தமிழுக்கான பரிசை 'அலை ஓசை'க்கு அளித்தது. அப்போது ஆர்.கே.புரம் இன்றைய உருவில் இருக்கவில்லை. சுவாமிநாதர் குன்றின் மேல் குடியேறிக் கும்பாபிஷேகம் கண்டது 1973-ல்தான். அந்தக் குன்றின் அடிவாரத்திலும் ஐந்தாம் செக்டர் அரங்கத்திலும் உட்கார்ந்து, பாபநாசம் சிவனோ கோபாலகிருஷ்ண பாரதியோ எப்போது வருவார்கள் என்று காத்திருக்கும் நம்மவர்கள், இப்போதெல்லாம் துக்கடா வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.